நாய்ப் பங்கு

"அஞ்சு நாய்க்கும் விஷம் வெச்சுரட்டுமா ஆசானே?"

வந்த வேகத்திலேயே கேட்டாள் ரங்கி. மூச்சு இன்னும் அடங்கவில்லை.

கெம்பன் வில்லின் நாணுக்குத் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்த நாய்க அக்கா?"

"எல்லாம் அந்த மசணி வளர்க்குற நாய்கதான். ஓடைக்கு அக்கரையில ஆட்டுப்பட்டி போட்டிருக்காளே, அவதான். நான் இக்கரையில இருமினாப் போதும், அஞ்சும் சேர்ந்துக்கிட்டுக் குரைக்குது. அப்புறம் மான் எங்கேருந்து தண்ணிக்கு இறங்கும்?"

"விஷம் கையில இருக்கா?"

"இல்லை. தேடினாக் கிடைக்கும்."

"வீட்டுல களி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதை வைங்க."

அவ்வளவுதான். நாணைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

கெம்பன் ரங்கியைவிட மிகவும் இளையவன். அவளுக்குக் கடைசித் தம்பி இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். ஆனாலும் அந்த மலையடிவாரத்தில் வில் பிடித்தவர்களுக்கெல்லாம் அவன்தான் ஆசான். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை ஆசானே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ரங்கியின் கவலை இதுதான்.

ஓடை வளைகிற இடத்தில் ஒரு மான்துறை. கோடையில் புள்ளிமான்கள் அங்கேதான் தண்ணீருக்கு இறங்கும். அந்தத் துறையில் வேட்டையாடும் உரிமை ரங்கியின் வீட்டுக்கு. ஆண்டுதோறும் அம்மன் நோன்புக்கு முன்னால் அங்கிருந்து ஒரு மானை அம்மன் வாசலில் கொண்டுவந்து போட வேண்டும். போடாத வீட்டுக்குத் துறை இல்லை.

புருஷன் செவணன் இருந்தவரை அவள் அதைப் பற்றி நினைத்ததுகூட இல்லை. போன மழையில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அழுது முடித்த கையோடு ரங்கி அவன் வில்லை எடுத்துக்கொண்டு கெம்பனிடம் வந்தாள். எறிந்த தேங்காய் ஓட்டைக் கீழே விழுவதற்குள் அடிக்கிற அளவுக்குக் கற்றும்கொண்டாள்.

துறை கைவிட்டுப் போனால் கீழ்நாட்டில் இறங்கி யார் வயலிலாவது கூலிக்குக் குனிய வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராகிக் களியை உருட்டி, மேலே எலும்புச் சாறு ஊற்றிக் கொண்டுபோனாள். ஓடையில் கால் வைத்ததுமே குரைப்பு தொடங்கிவிட்டது. முள்வேலிக்கு உள்ளே ஐந்து நாய்களும் குதித்தன.

வேலிக்குப் பின்னாலிருந்து மசணி எழுந்து வந்தாள். கை இடுப்பில் இருந்தது.

"யாரது? ஓ, நீயா. வழி தவறிட்டியா?"

"உன் நாய்களுக்குக் களி கொண்டுவந்தேன்."

"எதுக்கு?"

எதற்கு என்று ரங்கிக்கே தெரியாது.

"ஆசான் வைக்கச் சொன்னார்."

"அதானே பார்த்தேன். நீயாவது, தானா வர்றதாவது." மசணி சட்டியை எட்டிப் பார்த்தாள். "ஒரு வாய் பிட்டுத் தின்னு."

"என்னது?"

"தின்னு காட்டு. அப்புறம் வை."

ரங்கிக்குச் சுர்ரென்றது. நாய்க்குக் கொண்டுவந்த களியை மனுஷி தின்பதா? நாலு பேர் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள்? திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தாள். ஓடையின் வளைவு கண்ணில் பட்டது. நின்றாள்.

பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

"உப்புப் பத்தலை," என்றாள், தன்னையும் அறியாமல்.

மசணி படலைத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் களி போனது. முதலில் காது கிழிந்த ஒரு குட்டை நாய் வாலை ஆட்டியது. அதைப் பார்த்து மற்றவை ஆட்டின. கொஞ்ச நாளில் ரங்கி இக்கரையில் நடந்தால் அக்கரையில் ஐந்து வால் மட்டும் ஆடியது. ஒரு சத்தம் இல்லை.

வில்லை எடுத்துக்கொண்டு துறையில் போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. மேட்டில் மான்கள் வந்து நின்றன. நின்றன. நின்றுகொண்டே இருந்தன. பிறகு திரும்பிப் போய்விட்டன.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

"ஆசானே, நாய்க வாயை மூடிருச்சு. மான் இறங்க மாட்டேங்குது."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்? காத்து எம்பக்கம்தான் அடிக்குது. எறும்பு கடிச்சாலும் அசையாமக் கெடக்கேன். ஏன் இறங்க மாட்டேங்குது?"

"மானைக் கேளுங்க."

"மான் பேசுமா?"

கெம்பன் கையை நீட்டினான்.

"வில்லைக் குடுங்க."

கொடுத்தாள். அதை உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினான்.

"இப்பப் போய் உட்காருங்க."

"வெறுங்கையோடயா? நோன்பு வந்துருச்சு ஆசானே!"

"ஆமா. சீக்கிரம் போங்க."

புலம்பிக்கொண்டேதான் போனாள். வில் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் வேறு வேலை இல்லாமல் மானைப் பார்த்தாள்.

இத்தனை நாள் மானின் விலாவைத்தான் பார்த்திருந்தாள், அம்பு பாய வேண்டிய இடத்தை. இன்றைக்குத்தான் அதன் காதைப் பார்த்தாள்.

முன்னால் நின்ற பெண்மானின் இரண்டு காதும் இவள் பக்கம் இல்லை. தண்ணீர்ப் பக்கமும் இல்லை. ஆட்டுப்பட்டிப் பக்கம் திரும்பியிருந்தன.

அங்கே என்ன கேட்கிறது? ரங்கியும் காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மான் கேட்டுக்கொண்டே நின்றது. ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரம் கேட்பானேன்? ரங்கிக்குக் கவலை மறந்துபோயிற்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு உப்பு வியாபாரி பட்டிக்கு வந்தான். புது ஆள். ஐந்து நாய்களும் அடித்தொண்டையில் குரைத்தன.

பெண்மான் தலையைத் தாழ்த்திற்று. மேட்டிலிருந்து இறங்கிற்று. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா மான்களும் இறங்கி, ரங்கிக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை, வாயை வைத்துத் தண்ணீர் குடித்தன.

ரங்கி தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடாத குறையாகக் கெம்பன் வீட்டுக்கு வந்தாள்.

"நாய் குரைச்சாத்தான் ஆசானே மான் இறங்குது!"

"அப்படியா?"

"சிறுத்தை வந்தா நாய்க வாலைச் சுருட்டிக்கிட்டு ஆட்டுக்கு அடியில பதுங்கிரும். சத்தமே வராது. குரைச்சா, வந்திருக்குறது மனுசன், பட்டியோட நின்னுருவான். அது மானுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை." திடீரென்று நிறுத்தினாள். "அப்ப மொதல்லயும் நாய் குரைச்சுதே. அப்ப ஏன் ஓடுச்சு?"

"குரைக்குறப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

ரங்கி யோசித்தாள்.

"எந்திரிச்சுக் கல்லெடுத்து வீசினேன். வாயை மூடுங்க சனியனுகளான்னு கத்தினேன்."

கெம்பன் சுவரிலிருந்து வில்லை எடுத்து நீட்டினான்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே! நாய் குரைச்சாக் குரைக்கட்டும், சும்மா உட்காருன்னு!"

"சொன்னா உட்கார்ந்திருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றாள் ரங்கி.

இப்போது நாய்கள் குரைக்க வேண்டும். நோன்புக்கு முந்தின நாள் வந்துவிட்டது. ரங்கி காலையிலேயே ஓடையைத் தாண்டினாள். முறைத்தாள். வாலை ஆட்டின. குச்சியை ஓங்கினாள். காது கிழிந்த குட்டை நாய் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. மண்ணாங்கட்டியை வீசினாள், இன்னொன்று ஓடிப்போய் அதைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, குனிந்து, இவளே குரைத்தாள். ஐந்தும் சேர்ந்து அவள் முகத்தை நக்கின.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கெம்பனிடம் வந்தாள்.

"நீங்க வாங்க ஆசானே. நீங்க புது ஆள். உங்களைப் பார்த்தாக் குரைக்கும்."

"இந்த வருசம் வர்றேன். அடுத்த வருசம்?"

ரங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செவணண்ணனைப் பார்த்து அந்த நாய்க குரைச்சு நீங்க கேட்டிருக்கீங்களா அக்கா?"

கேட்டதில்லை. அவனைப் பார்த்தால் அவையும் வாலைத்தான் ஆட்டும்.

"அப்ப அவருக்கு எப்படி மான் இறங்குச்சு?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி அவளோடு நடந்து வந்தது.

செவணன் மான் அடித்த நாளெல்லாம் ஒரு முன்னந்தொடையை மசணியின் வேலியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவான். கேட்டால் "நாய்ப் பங்கு" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். நாய்க்கு முழுத் தொடையா என்று ரங்கிக்கு வயிறு எரியும். ஒரு தடவை இவளே போய் வேலியில் தொங்கிய தொடையை எடுத்து வந்துவிட்டாள். மசணி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

ரங்கி வில்லோடு வேலியோரம் போய் நின்றாள். பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது.

"மசணி."

"களி காலையிலயே வந்துருச்சே."

"களி இல்லை. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எங்க வீட்டுக்காரர் துறையில உட்கார்ந்த நாள்ல உன் நாய்களைக் குரைக்க வெச்சது யாரு?"

மசணி ஆட்டுக்கு ஒடித்துக்கொண்டிருந்த தழையைக் கீழே போட்டாள். ரங்கியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளாச்சு," என்றாள். "போ. போய் உன் இடத்துல உட்காரு."

"நோன்பு நாளைக்கு மசணி."

"எனக்குத் தெரியாதா? போடி."

ரங்கி பாறை மறைவில் உட்கார்ந்தாள். மேட்டில் மான்கள் வந்து நின்றன. பெண்மானின் காதுகள் பட்டிப் பக்கம் திரும்பின.

அக்கரையில் ஒரு கறுப்புக் கம்பளி வேலிக்கு வெளியே நடந்து போவது தெரிந்தது. தலையோடு கால் போர்த்தி, முதுகைக் கூனி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. கையில் ஒரு கோல். ஊருக்குள் இப்படி நடக்கிற ஆள் யாரும் இல்லை. நாய்களுக்கு வாடை எட்டாதபடி காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து கோலால் முள்வேலியைத் தட்டியது.

ஐந்து நாய்களும் எகிறிக் குதித்துக் குரைத்தன, தங்களைச் சோறு போட்டு வளர்க்கிறவளையே பார்த்து.

மான்கள் இறங்கின.

ரங்கி இந்த முறை விலாவையும் பார்த்தாள், காதையும் பார்த்தாள். நாணை இழுத்தாள்.

அம்மன் வாசலில் மான் விழுந்தது. துறை வீட்டோடு நின்றது.

நோன்பு முடிந்த காலையில் ரங்கி முன்னந்தொடையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். வேலியில் தொங்கவிடவில்லை. மசணியின் கையில் கொடுத்தாள்.

"நாய்ப் பங்கு," என்றாள்.

மசணி தூக்கிப் பார்த்தாள். "சின்ன மானா?"

"உனக்கு எதுதான் பெருசு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாய்கள் சுற்றி வந்தன.

"அவர் உன்கிட்ட வந்து எப்படிக் கேட்டார் மசணி?"

"எங்கே கேட்டாரு? உன்னை மாதிரியேதான். ஒரு நாள் களியோட வந்து நின்னாரு. ஒரு வாய் தின்னு காட்டுன்னேன்."

"தின்னாரா?"

"இல்லை."

ரங்கிக்குக் கை நின்றது. தடவிக்கொடுத்துக்கொண்டிருந்த நாய் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது.

"ரொம்ப நேரம் நின்னாரு," என்றாள் மசணி. "அப்புறம் அதோ, அந்த வேம்புக்குக் கீழே ஆழமாக் குழி தோண்டிப் புதைச்சாரு. மறுநாள் வேற களி கொண்டுவந்தாரு. அதைத் தின்னாரு."

ரங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே கெம்பனிடம் போனாள்.

"ஆசானே, அன்னிக்கு விஷம் கையில இருக்கான்னு கேட்டீங்களே. இருக்குன்னு சொல்லியிருந்தா?"

"அதையே வைங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அய்யோ! வெச்சிருப்பேனே!"

கெம்பன் நாணைச் சுண்டிப் பார்த்தான்.

"அக்கரையில மசணியக்கா இருக்காங்களே," என்றான்.