தேதிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எல்லோரும் அவரைச் சாமி என்பார்கள். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வைத்தியலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த சீடர் என்பதால், சாமி அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

வைத்தியலிங்கம் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். மனைவி கோமளம் காலமான மூன்றாம் மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். வருவதற்கு முன்னால் ஒரே மகள் பொற்கொடிக்கு போன் செய்தார். அவள் புனேயில் இருந்தாள்.

"இனிமே எனக்குப் பிறந்தநாள், பண்டிகை எதுவும் கிடையாது. எல்லாத்தையும் விட்டாச்சு. நீயும் போன் கீன் பண்ணாதே."

"சரிப்பா" என்றாள் அவள்.

சொன்ன சொல் கேட்கிற பெண். அதன் பிறகு கூப்பிடவே இல்லை. மடத்தில் அவருடைய முதல் பிறந்தநாள், விட்டுவிட்டேன் என்கிற பெருமையிலேயே போயிற்று. இரண்டாம் வருஷத்துக்குப் பெருமை மிச்சமில்லை.

கோமளம் இருந்தவரை அவருக்குப் பிறந்தநாள் ஒரு வாரம் நடக்கும். ஆகஸ்ட் இருபத்துநான்கு அன்று கேசரி. ஆவணி உத்திரட்டாதி என்றைக்கு வருகிறதோ அன்று கோயிலில் அர்ச்சனை. இரண்டுக்கும் நடுவே விழுகிற நாட்களையும் அவள் சும்மா விடமாட்டாள். ஒருநாள் அடை, ஒருநாள் பால்கொழுக்கட்டை. "பொறந்தவரை ஒரே நாள்ல அனுப்பி வெச்சுட முடியுமா?" என்பாள்.

இந்த வருஷம் தேதி திங்கட்கிழமை வந்தது. நட்சத்திரம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

மடத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த துவைகல். திங்கட்கிழமை காலையில் வைத்தியலிங்கம் வேட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். துவைத்தார். பிழிந்தார். மறுபடி நனைத்தார். போன் பக்கத்துச் சுவர்மேல் இருந்தது. மத்தியானம் துண்டை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் துவைக்க ஒன்றுமில்லை. காலையில் துவைத்த வேட்டியையே எடுத்துக்கொண்டு போனார்.

யாரும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரோ அன்னதானத்துக்குக் கொடுத்திருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல். நெய் விரலெல்லாம் ஒட்டியது. அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும் வரை சந்தோஷமாகவே இருந்தது.

புதன்கிழமை கடைவாய்ப் பல் வலித்தது. மழை வேறு. குடையைப் பிடித்துக்கொண்டு துவைகல்லுக்குப் போனார். மழையில் குடையோடு துணி துவைக்கிறவரை மடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

சமையல் செய்யும் மரகதம் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஐயா, அந்த வேட்டியை விட்டுடுங்க. அது ஒரு பாவமும் பண்ணல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பல் வலித்தது.

வியாழக்கிழமை போன் ஒலித்தது. ஈரக் கையோடு பாய்ந்து எடுத்தார். ஒரு பெண் குரல் அவருடைய பெயரைத் தப்பில்லாமல் சொல்லி, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் என்றது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"யாரும்மா பேசறது?"

குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போனது. கோமளம் சேலை எடுக்கிற ஜவுளிக்கடை. பதிவு செய்த வாழ்த்து, மூன்று நாள் தாமதமாக வந்திருந்தது. தள்ளுபடி விவரத்தையும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. வாரம் ஒருமுறை வரும் நாவிதர் முகம் மழித்துவிட்டு, தாடையைத் திருப்பிப் பார்த்து, "பத்து வயசு குறைஞ்சு போச்சுங்க" என்றார். காய்ந்த வேட்டியில் வெயில் வாசனை இருந்தது. அதை உடுத்திக்கொண்டு வைத்தியலிங்கம் மடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காட்டுவதற்கு ஆள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவரால் தாங்க முடியவில்லை. சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

வைத்தியலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். மகளிடம் சொன்னது, தேதி, நட்சத்திரம், துவைகல், ஜவுளிக்கடை வரை. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"வீட்டை விட்டேன். பென்ஷனை மடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். காப்பியைக்கூட விட்டேன். எல்லாத்தையும் விட்டவனுக்கு இந்தப் பொண்ணு மட்டும் ஏன் விடமாட்டேங்குது?"

சாமி ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"நாளைக்குத்தானே நட்சத்திரம்?"

"ஆமா சாமி."

"கோயிலுக்குப் போவோம். ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வருவோம்."

வைத்தியலிங்கத்துக்கு முகம் மலர்ந்தது. "என் பேருக்கா?"

"உங்க பேருக்கு எதுக்கு? நீங்கதான் எல்லாத்தையும் விட்டாச்சே. பொண்ணு பேருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஊருக்குள் இருந்த சிவன் கோயிலுக்கு நடந்தார்கள். கூட்டம் இல்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

"பொற்கொடி" என்றார் வைத்தியலிங்கம்.

"நட்சத்திரம்?"

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

பதினாறு கிராமத்து சர்வே எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர். எந்த வரப்பு எங்கே வளைகிறது என்று அவருக்குத் தெரியும். மகள் பிறந்த தேதி தெரியும், ஆஸ்பத்திரி தெரியும். நட்சத்திரம் தெரியவில்லை. கோயிலில் எப்போதும் கோமளம்தான் முன்னால் நின்று மூன்று பேர் நட்சத்திரத்தையும் மூச்சுவிடாமல் சொல்லுவாள். அவர் அர்ச்சனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பார்.

"கார்த்திகையோ... இல்ல, கேட்டையா..." என்று இழுத்தார்.

குருக்கள் பழகினவர். "தெரியலேன்னா பரவாயில்லை. சுவாமி பேருக்கே பண்ணிடலாம்."

அதுவே போதும் என்று வைத்தியலிங்கம் தலையாட்டப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் சாமி. "கேட்டுட்டு வந்திடறோம்."

வெளியே வந்தார்கள். கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது.

"யாரைக் கேக்கறது சாமி? தெரிஞ்சவ போயிட்டாளே."

"பிறந்தவங்களுக்குத் தெரியாதா?"

வைத்தியலிங்கம் போனை எடுத்தார். திரும்பப் பைக்குள் போட்டார்.

"நான்தான் சாமி பேசாதேன்னு சொன்னவன். இப்ப எந்த முகத்தோட கூப்பிடறது?"

"குருக்கள் காத்துக்கிட்டு இருக்கார் ஐயா."

வேறு வழியில்லை. மகளின் நம்பரைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா! உடம்புக்கு என்ன? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

மறுமுனையில் மூச்சை விடும் சத்தம் கேட்டது.

"உன் நட்சத்திரம் என்னம்மா?" என்றார்.



"திங்கக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுட்டு போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்ப்பா" என்றாள். "பண்ணலாமா வேணாமான்னு. நீங்க பண்ணாதேன்னு சொல்லிட்டீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அனுஷம்."

"என்னம்மா?"

"என் நட்சத்திரம். அனுஷம். இத்தனை வருஷத்துல நீங்க கேட்டதே இல்ல."

"உங்கம்மா சொல்லிடுவா. அதனால..."

"தெரியும்ப்பா."

அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. போனை வைக்கவும் மனம் வரவில்லை. அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இங்கே யாரோ மணியை இழுத்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றார், சாப்பிடாதவர்.

"வெச்சிடட்டுமா?"

"ம்."

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. கடைசியில் இணைப்பு தானாகவே அறுந்தது.

வைத்தியலிங்கம் உள்ளே போய், குருக்கள் கேட்பதற்கு முன்பே, "அனுஷம், பொற்கொடி" என்றார். குருக்கள் மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. கோமளம் போன அன்று அவர் இப்படி அழவில்லை.

பிரசாதத்தை வாங்கிக்கொண்டு இருவரும் மடத்துக்குத் திரும்பி நடந்தார்கள்.  ஒரு புளியமரத்தடியில் வைத்தியலிங்கம் நின்றுவிட்டார்.

"சாமி, நேத்து கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல. இந்தப் பொண்ணை நான் எப்படித்தான் விடறது?"

சாமி தேங்காய் மூடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு உங்க கைக்கு வந்ததே இன்னிக்குத்தானே ஐயா. விடறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."