மர முதலையின் முதுகு

முன்னொரு காலத்தில், காங்கோ காட்டோரத்து ஊரொன்றில் ஒரு மர முதலை இருந்தது. குறிசொல்லி குவேத்தே செதுக்கி வைத்தது. அதன் தட்டையான முதுகில் பனையெண்ணெய் தடவி, ஒரு மரவில்லையை வைத்துத் தேய்த்துக்கொண்டே அவன் ஊரார் பெயர்களைச் சொல்லுவான். எந்தப் பெயரில் வில்லை ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்த ஆள்தான் சூனியம் வைத்தவர். பிறகென்ன, நச்சுப்பட்டைச் சாறுதான். அதைக் குடித்துப் பிழைத்தவர் அந்த ஊரில் யாருமில்லை.

எண்ணெய் கொண்டுவருபவள் மிங்கா. கணவன் போனபின் ஒரே மகளோடு காலம் தள்ளுகிறவள். வரும்போதெல்லாம் முதலையின் பல்லிடுக்கைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு என்னடா தின்னே?" என்று கேலி செய்வாள். மரத்தைப் போய் இப்படிக் கேட்க வேறு யாருக்குத் தோன்றும்? முதலைக்கு அவள்மேல் உயிர்.

ஊர்த்தலைவரின் பிள்ளைகள் இருவர் ஒரே வாரத்தில் காய்ச்சலில் செத்தார்கள். மறுநாள் காலையிலேயே ஊர் கூடிவிட்டது. குவேத்தே வீடு வீடாகப் பெயர் சொல்லித் தேய்த்தான். மிங்காவின் வீட்டு முறை நெருங்கும்போது எண்ணெய் வற்றத் தொடங்கியது.

"என்னால முடியல, நிக்கப் போறேன்" என்றது வில்லை.

"இங்க வேணாம்!" என்று பதறியது முதலை.

"எங்கயாவது நின்னுதானே ஆகணும்?"

"எங்க வேணா நில்லு. அவ பேர்ல நிக்க நான் விடமாட்டேன்."

"மிங்கா!" என்றான் குவேத்தே.

முதலை தனக்குள் ஊறிக்கிடந்த பழைய எண்ணெயையெல்லாம் முக்கி முக்கி முதுகுக்குக் கொண்டுவந்தது. வில்லை வழுக்கிக்கொண்டு போயிற்று. கூட்டத்தில் நின்ற மிங்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முதலைக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அதோடு அதன் உடம்பில் இருந்த எண்ணெயும் தீர்ந்தது.

குவேத்தே அதே வீட்டின் அடுத்த பெயரைச் சொன்னான்.

"ம்போயோ!"

மிங்காவின் மகள். பதினாறு வயது. வில்லை நின்றுவிட்டது. முதலை எவ்வளவு முக்கியும் அது அசையவில்லை.

மூன்றாம் நாள் மிங்கா எண்ணெய் கொண்டுவந்தாள். வராவிட்டால் அவளையும் சூனியக்காரி என்பார்கள். முதலையின் பல்லை அவள் துடைக்கவில்லை. குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னைத் தின்னிருக்கக் கூடாதாடா?"