கழற்றி வைத்த கார்டு

"புது சிஸ்டம் ஏறவே மாட்டேங்குது, டீச்சர்."

ஆட்டோவிலிருந்து ஒரு காலைத் தரையில் வைக்கும்போதே பாக்கியத்தாய் அக்கா முறையீட்டை ஆரம்பித்துவிட்டார்.

கூடவே இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒன்று, பழைய கம்ப்யூட்டர். இன்னொருவர், வீட்டுக்காரர் அமிர்தகனி அண்ணாச்சி. கம்ப்யூட்டரை நான் இறக்கினேன். அண்ணாச்சியை அக்கா இறக்கினார்.

நான் சுடலைமுத்து. கோவில்பட்டியில் மைமூன் டீச்சர் கடைக்கு அடுத்த ஷட்டர்தான் என் டீக்கடை. அடுத்தவர் கடையில் நடப்பதைப் பார்ப்பது என் வேலை இல்லைதான். ஆனால் கிளாஸைக் கொடுக்கவும் எடுக்கவும் போகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டா போவான்?

டீச்சர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பார். வந்து கேட்பவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். சொல்லிக் கொடுப்பார் என்றா சொன்னேன்? அதுதான் கிடையாது. நாம் ஒரு கேள்வி கேட்டால் அவர் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து நம் கையில் வைப்பார். அதுதான் பதில். அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அக்கா மூச்சுக்கு மூச்சு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா தொழில் படிக்க வந்ததே அண்ணாச்சியால்தான்.

அவர்களுக்குப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் செய்வார். செய்து முடித்ததைப் பிழை பார்க்க வாய்விட்டு வாசிப்பார். யார் வீட்டில் விசேஷம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அப்படி ஒரு தொண்டை.

போன ஆடியில் வாதம் அடித்தது. கால் தேறிவிட்டது. கை முக்கால்வாசி தேறிவிட்டது. பேச்சு மட்டும் போனது போனதுதான். கடைக் கம்ப்யூட்டரை அக்கா கையில் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வார்த்தையெல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் கெட்டுவிட்டது, பேசப் பேச மூளை புது வழி போட்டுக்கொள்ளும் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னாராம். இப்படியே விட்டால் அப்புறம் வராமலே போய்விடலாம் என்றும் சொன்னாராம். 

அன்றைக்கும் நான் டீயோடு போனேன். "அண்ணாச்சிக்கு?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டேன்.

"அவுகளுக்கு டீ. சீனி கம்மி."

ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி பாதி டீயை மிச்சம் வைத்துவிடுவார். இந்த ஊரில் என் டீயை மிச்சம் வைக்கிற ஒரே ஆள் அவர்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு அது பெரிய மனக்குறை.

எப்படி இருக்கீங்க அண்ணாச்சி என்று டீச்சர் விசாரித்தார். நல்லாத்தான் இருக்காக, கால்தான் கொஞ்சம் குத்துதுங்காக என்றார் அக்கா. வாயே திறக்காத மனுஷன் அதை எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நமக்கு எதற்கு வம்பு.

ஃபேன் ஜாஸ்தியா இருக்கா அண்ணாச்சி என்றார் டீச்சர். ஃபேன் காற்றே அவுகளுக்கு ஆகாது என்று அக்கா எழுந்து போய் அணைத்தார். அண்ணாச்சியின் வாய் லேசாகத் திறந்து மூடியது. கொட்டாவி என்று நினைத்தேன்.

டீச்சர் அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் கதை இதுதான். அதில் ஓடுவது அரதப் பழைய சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டுகிற சாஃப்ட்வேர். இப்போது வெளியூர்ப் பெரிய பிரஸ்ஸிலிருந்து வருகிற டிசைன் பைல் எதுவும் அதில் திறப்பதில்லை. அதனால் அதே கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு புது சிஸ்டத்தையும் ஏற்றிவிடலாம் என்று அக்கா இறங்கியிருக்கிறார். ஏற்ற ஆரம்பித்தால் ஒரு இடம் வரைக்கும் வருமாம். அங்கேயே நின்றுவிடுமாம். சிடியை மாற்றிப் பார்த்தாராம். மெமரியை மாற்றிப் பார்த்தாராம். புது சிஸ்டமே மட்டம் என்று வேறொரு புது சிஸ்டம் வாங்கிப் பார்த்தாராம். எல்லாம் அதே இடத்தில் நின்றுவிட்டன.

"எல்லா வித்தையும் காட்டியாச்சு டீச்சர். இன்னும் என்னத்தைப் போட?"

டீச்சர் ஸ்குரூடிரைவரைக் கொடுத்தார்.

அக்கா மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சையாக ஒரு கார்டு நின்றது. அது என்ன என்று டீச்சர் விரலைக் காட்டினார்.

அக்கா கடகடவென்று ஒப்பித்தார். இந்த மதர்போர்டுக்குப் பெரிய டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது. அதனால் அண்ணாச்சி மதுரைக்குப் போய் இந்தக் கார்டை வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். டிஸ்க்கின் வயர் கார்டுக்கு வரும், கார்டு போர்டுக்குச் சொல்லும். டிஸ்க் என்ன சொன்னாலும் இது வழியாகத்தான் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

"கழட்டுங்க," என்றார் டீச்சர்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கார்டு கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. நல்ல கார்டு."

"அப்புறம் எதுக்குக் கழட்டணும்?"

"புது சிஸ்டத்துக்கு இதுகூடப் பேசத் தெரியல. இது முன்னால நிக்கிற வரைக்கும், அது இதோட வாயையே பாத்துக்கிட்டு நிக்கும்."

"கழட்டிட்டு, டிஸ்க் வயரை எங்க குடுக்க?"

"நேரா போர்டுல."

"போர்டுக்குத்தான் தெரியாதே டீச்சர்."

"அப்பத் தெரியாது. இப்பப் புது சிஸ்டம் சொல்லிக் குடுத்துக்கும்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையில் ஸ்குரூடிரைவர், கண்ணில் பயம். பைலெல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாயிற்றா என்று டீச்சர் கேட்டதற்கு ஆயிற்று என்று தலையை ஆட்டினார். அப்படியும் கை போகவில்லை. இத்தனை நாள் சோறு போட்ட கார்டு, இதைப் பிடுங்கினால் டிஸ்க் செத்தே போகும் என்று முணுமுணுத்தார்.

கடைசியில் கார்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். அசையவே இல்லை.

நாற்காலியில் இருந்த அண்ணாச்சி இடது கையை நீட்டி ஆட்டினார்.

"பாருங்க, அவுகளும் வேண்டாம்ங்காக," என்றார் அக்கா.

டீச்சர் அண்ணாச்சியின் விரல் போன திக்கைப் பார்த்தார். கார்டின் ஓரத்தில் இன்னும் ஒரு ஸ்குரூ கழற்றாமல் இருந்தது.

அக்காவும் பார்த்தார். அந்த ஸ்குரூவைக் கழற்றினார். கார்டு கையோடு வந்துவிட்டது.

வயரை நேராக போர்டில் கொடுத்து சுவிட்சைப் போட்டார்கள். எனக்குக் கடையில் ஆள் நிற்கிறது. இருந்தாலும் போக மனசு வரவில்லை. வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. அக்கா சேலை முந்தானையைப் பிடித்துத் திருகினார். அந்த இடத்தைத் தாண்டி எழுத்துகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. என் வியாபாரத்தைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, புது சிஸ்டம் திரையில் உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கில் இருந்த பழைய பத்திரிகைகள்கூட ஒன்றுவிடாமல் தெரிந்தன.

அக்கா சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இதைக் குப்பையில் போட்டுவிடவா என்று கார்டைக் காட்டிக் கேட்டார். டீச்சர் அதை வாங்கி, துணியால் தூசியைத் துடைத்து, ஒரு கவரில் போட்டு அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பத்திரமா வைங்க. பழைய சிஸ்டத்தைத் திறக்கும்போது வேணும்."

மிஷின் கவலை தீர்ந்ததும் அக்காவுக்கு மனுஷன் கவலை வந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் திருநெல்வேலிக்குப் போக வேண்டுமாம். டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். சொல்லச் சொல்ல அழுதுவிட்டார்.

"நான் ஒரு நிமிஷம் அவுகளை விட்டு நகரல, டீச்சர். என்ன வேணும், என்ன வேண்டாம்னு அவுக முகத்தைப் பாத்தே சொல்லிருதேன். அவுக வாயாவே நான் இருக்கேன். அப்படியும் ஒத்த வார்த்தை வரலியே. நான் இன்னும் என்னதான் செய்ய?"

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பதில் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ஸ்குரூடிரைவர் கொடுப்பார் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. கையை நீட்டி, அக்காவின் மடியில் கிடந்த கவரை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

"நல்ல கார்டுக்கா," என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்கவே சங்கடமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் டீக்கடைக்காரன் என்ன செய்வான்? இன்னொரு ரவுண்டு போடட்டுமா என்றேன். சரி என்று டீச்சர் தலையசைத்தார்.

"அண்ணாச்சிக்கு?" என்று வழக்கம்போல அக்காவைப் பார்த்துக் கேட்டேன்.

அக்கா வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போய் வெயிலில் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் திகைத்துப் போய் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. அண்ணாச்சியின் பக்கம் திரும்பினேன். யோசித்துப் பார்த்தால், அவர் முகத்தைப் பார்த்து நான் எதையும் கேட்டதே அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் அக்கா போன பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அக்கா திரும்பவில்லை. நானும் நகரவில்லை. என் அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. பொங்கினால் பொங்கட்டும் என்று நின்றேன்.

அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, கோணியது, மூடியது. மறுபடியும் திறந்தது. கொட்டாவி இல்லை அது.

"கா…"

காத்திருந்தேன்.

"கா… பி."

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் டீதான்.

வெளியே அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. திரும்பி மட்டும் பார்க்கவில்லை.

"சீனி?" என்று அண்ணாச்சியிடமே கேட்டேன்.