காளியண்ணன் தொடாத மிஷின்

ஏற்காட்டில் ஒரு கம்பெனி விருந்தினர் மாளிகை. அதன் தோட்டக்காரர் காளியண்ணனிடம் பதினாறு வயதான புல் வெட்டும் மிஷின் ஒன்று இருந்தது. வெட்டி முடித்ததும் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, பிளேடைத் தீட்டி, ஆயில் அளவைப் பார்த்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார். அதனால் கயிற்றை இழுத்தால் அது என்றைக்கும் ஒரே இழுப்பில் கிளம்பும்.

மிஷின் கெட்டுப்போனால் வருத்தப்படுபவர்கள் உண்டு. கெடவில்லையே என்று வருத்தப்பட்டவர் மேனேஜர் சபாரத்தினம் ஒருவர்தான். இது செத்தால்தானே மச்சான் கடையில் புதுசு வாங்கலாம்!

“புது மிஷின் வேணுமான்னு பார்க்க நாளைக்கு ஹெட் ஆபீஸ் மேடம் வர்றாங்க. மிஷினைப் பளபளன்னு துடைச்சு வை. அப்புறம் தொடாதே, நானே இழுத்துக் காட்டுறேன். அது கிளம்பக் கூடாது. நீ உடைச்சதாவும் தெரியக் கூடாது. அது கிளம்பிச்சுன்னா நீயும் கிளம்பிக்க.”

“சரிங்க” என்றார் காளியண்ணன்.

மறுநாள் மேடம் முன்னால் மேனேஜர் கயிற்றை இழுத்தார். இருபது தடவை இழுத்தார். சட்டை நனைந்தது, மூச்சு இரைத்தது. மிஷின் முனகக்கூட இல்லை.

“பார்த்தீங்களா மேடம், செத்த மிஷின்.”

மேடம் காளியண்ணனிடம் திரும்பினார். “என்னங்க கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்லீங்க. பிளேடு பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி இன்ஜின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிடுவேனுங்க. விரல் முக்கியம் பாருங்க. துடைச்ச பிறகு தொடாதேன்னு ஐயா உத்தரவு. அதனால மாட்டலைங்க.”

மேடமே குனிந்து வயரை மாட்டி இழுத்தார். ஒரே இழுப்பு.

அங்கேயே நின்று அறிக்கை எழுதினார்: “மிஷின் நல்ல நிலையில் உள்ளது. இழுத்தவருக்குத்தான் ஓய்வு தேவை.”