கல்யானையின் முழங்கால்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் வறட்சி வருவதற்குக்கூட அரசாங்க உத்தரவு வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள், சட்டமே அப்படித்தான். அரண்மனைக் குளத்தின் நடுவே கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கல்யானை நின்றது. தண்ணீர் வற்றி அதன் முழங்கால் தெரிந்தால்தான் வறட்சி என்று முரசு அறைவார்கள். முரசு அறைந்தால்தான் தானியக் களஞ்சியம் திறக்கும்.

மூன்று வருடமாக மழை இல்லை. யானையோ வயிறுவரை தண்ணீரில் சுகமாக நின்றது. வறட்சி நிர்வாகம் பார்த்த அமைச்சர் மார்க்கசகாயம் தினமும் நாற்பது வண்டித் தண்ணீரைக் குளத்தில் ஊற்றிவந்தார். தன் காலத்தில் வறட்சியே வந்ததில்லை என்று பெயர் வாங்க வேண்டுமே, பாவம்.

அரசவை விகடகவி ஆவுடையப்பனைத் தேடி அவன் அக்கா செங்கமலம் கொக்கேரியிலிருந்து வந்தாள். "மாட்டையெல்லாம் வித்தாச்சுடா தம்பி. வர்ற அமாவாசைக்குள்ள களஞ்சியம் திறக்கலைன்னா ஊரே மூட்டை கட்டுது."

"திறக்க வைக்கிறேன்க்கா. அதுவரைக்கும் யாரையும் கிளம்ப விடாதே" என்றான் அவன். சொல்லிவிட்டானே தவிர, எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் அவையில், "அரசே, நாட்டில் வறட்சி" என்றான்.

ராஜாவுக்கு எதிலும் விளையாட்டு. "அப்படியா? ஏழு நாளில் யானையின் முழங்காலை எனக்குக் காட்டு. களஞ்சியத்தைத் திறக்கிறேன்."

மார்க்கசகாயம் சும்மா இருப்பாரா? "குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, மன்னா. தவறினால் இவனை நாடு கடத்த வேண்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஆகட்டும். இதை அப்படியே எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள்" என்றான் ஆவுடையப்பன்.

பட்டப்பகலில் கொக்கேரிக்காரர்கள் அறுபது பேர் வடக்கயிற்றோடு வந்து குளத்தில் இறங்கினார்கள். காவலர்களுக்குக் கிடைத்த உத்தரவு தண்ணீரைப் பற்றித்தான். அதனால் கரையேறிய ஒவ்வொருவனையும் வேட்டியைக் குளத்திலேயே பிழியச் சொன்னார்கள். யானையையும் நன்றாகத் துடைத்து அனுப்பினார்கள்.

ஏழாம் நாள், முழங்காலைக் காட்டுகிறேன் என்று அழைத்த ஆவுடையப்பனோடு ராஜாவும் மார்க்கசகாயமும் கொக்கேரிக்குப் புறப்பட்டார்கள். எதிரே நாற்பது வண்டிகள் வந்தன.

"இது என்ன?"

"தங்கள் குளத்துக்குத் தண்ணீர், அரசே. கொக்கேரியில் ஊறும் கடைசிக் கிணற்றிலிருந்து போகிறது."

ராஜா அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். அமைச்சர் மரங்களைப் பார்த்தார்.

வெடித்துக் கிடந்த ஏரியின் நடுவே கல்யானை நின்றது. முழங்கால் என்ன, நகம்வரை தெரிந்தது.

"இது மோசடி" என்றார் மார்க்கசகாயம்.

"சொட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. யானையை நகர்த்தக் கூடாது என்று உத்தரவில் இல்லை. இதுவும் அரசரின் ஏரிதானே?" என்றான் ஆவுடையப்பன்.

வெயிலில் வந்த ராஜாவுக்கு நா வறண்டது. தண்ணீர் கேட்டார். ஊற்றுக்குழி ஓரம் கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்திருந்த செங்கமலம் நிமிர்ந்தாள். "உக்காருங்க சாமி. எனக்கு முன்னாடி ஒன்பது பேர் இருக்காங்க. ஊற ஊறத்தான் மொள்ளணும்."

ராஜா உட்கார்ந்தார். முறை வரும்வரை காத்திருந்தார். குடித்து முடித்து, "களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஏரிக்கு ஏரி ஓர் அளவுக்கல் நடுங்கள்" என்றார். பிறகு ஆவுடையப்பனிடம், "உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார்.

"வண்டிகளைத் திருப்பி விடுங்கள், அரசே. யானை இங்கேயே இருக்கட்டும். ஆனால் பாவம், தனியாக நிற்கிறது. பழகிய ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "மார்க்கசகாயம், இந்த முழங்கால் தண்ணீரில் மறையும்வரை உமக்கு இங்கேதான் வேலை."

அமாவாசைக்கு முதல் நாள் முரசு அறைந்தார்கள். கட்டிய மூட்டைகளைக் கொக்கேரிக்காரர்கள் பிரித்தார்கள். ஊற்றுக்குழி வரிசையில், செங்கமலத்துக்குப் பின்னால், மார்க்கசகாயம் கொட்டாங்குச்சியோடு நின்றார்.