காகிதப் பெருந்தும்பி

மலைகள் எல்லாம் இப்போதைவிட இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்த காலத்தில், ஆனைமூக்கு நாடு என்று ஒரு நாடு இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் நெல் விளையும், உப்பு கிடையாது. அந்தப் பக்கம் உப்பு விளையும், நெல் கிடையாது. நடுவில் நின்ற மலையிலோ மாடு ஏறாது, வண்டி ஏறாது, வெள்ளாடுகூடப் பாதியில் யோசித்துத் திரும்பிவிடும். அதனால் அந்த நாட்டு ராஜா ஒரு விமானம் வைத்திருந்தார்.

விமானம் என்றதும் தங்கத்தில் தகதகவென்று இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது ராஜாவின் தாத்தா காலத்துச் சுமை விமானம். தகர உடம்பு, தொப்பை வயிறு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய விசிறி. தரையில் நிற்கும்போது வாலைக் கீழே போட்டு, மூக்கை மேலே தூக்கி, சோறு கேட்கிற நாய் மாதிரி உட்கார்ந்திருக்கும். பெருந்தும்பி என்று அதற்குப் பேர். போகும்போது நெல் மூட்டை, வரும்போது உப்பு மூட்டை, இடையில் ஆடு, கோழி, கல்யாணப் பெண் என்று எல்லாம் அதில்தான் போகும்.

அதை ஓட்டுகிறவன் உலகன். அவன் பெண்டாட்டி செண்பகவடிவு. ஊரில் வடிவு என்பார்கள். கைப்பிள்ளைக்காரி. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டாள். கடைக்குப் போனால்கூட வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவாள்.

மலை உச்சியில் கரிமுட்டன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். மத்தியானம் ஒரு தூக்கம் போடாவிட்டால் அவனுக்கு மந்திரம் ஓடாது. பெருந்தும்பியோ சரியாக மத்தியானத்தில்தான் தடதடவென்று அவன் தலைக்கு மேலே போகும். ஒருநாள் தலையணையை வீசி எறிந்துவிட்டு எழுந்தான், ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான். சத்தம் நின்றது. விமானம் இல்லை. உள்ளே இருந்த உலகனும் இல்லை, கூடப் போன சனங்களும் இல்லை.

நாடே உப்பில்லாக் கஞ்சி குடித்தது. ராஜா படையை அனுப்பினார். படை, வெள்ளாடு திரும்பிய இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வடிவு பார்த்தாள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள்.

உச்சியில் கரிமுட்டன் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கழுதை நின்றது. விரலால் காட்ட அங்கே எதுவும் இல்லை. வடிவு வாய் திறந்து கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரத் திருப்பிக் குடுங்க."

ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு மாற்று உண்டு. கேட்டால் மந்திரவாதி அதைச் சொல்லியே தீர வேண்டும். கரிமுட்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னான்.

"காகிதத்தில் அந்தப் பெருந்தும்பியைச் செய்துகொண்டு வா. முழத்துக்கு ஒரு விரல். அதில் ஒரு முழம் இருந்தால் இதில் ஒரு விரல் அகலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெயிலில் வைப்போம். அது அதுவேதான் என்றால் அதன் நிழல் வளரும், வளர்ந்து நிஜமாகும். இல்லையென்றால் என் கழுதைக்குத் தீனி. எத்தனை தரம் வேண்டுமானாலும் செய். ஆனால் 'போதும், என்னால் முடியாது' என்று எந்த இடத்தில் சொல்கிறாயோ, அந்த இடத்திலேயே நீயும் கழுதை."

வடிவு சரி என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

கந்தல் துணியை ஊறவைத்து, இடித்து, பாயில் பரப்பிக் காயவைத்துக் காகிதம் செய்தாள். இறக்கைக்குத் தடித்த காகிதம், வயிற்றுக்கு மெல்லிய காகிதம். அரிசிக் கஞ்சியில் பசை காய்ச்சினாள். வெட்டுகிற துண்டுக்கு ஓரத்தில் ஒரு நாக்கு விட வேண்டும், அந்த நாக்கில் பசை தடவினால்தான் அடுத்த துண்டு ஒட்டும். அவசரத்தில் நாக்கையும் சேர்த்து வெட்டிவிட்டால் துண்டு வீண். எத்தனையோ துண்டு வீணானது. பிள்ளை ஒரு பக்கம் பசையை வழித்து வழித்து நக்கியது.

பெருந்தும்பி எப்படி இருக்கும் என்று யாரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சம். அரண்மனைச் சுவரில் அதைப் பெரிய படமாக எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள்.

வெயிலில் வைத்தார்கள். நிழல் அசையவே இல்லை. கழுதை வந்து ஒரே வாயில் தின்றது.

"காகிதம் ருசி, பசை அதைவிட ருசி," என்றது. கழுதை பேசியதில் வடிவு ஒரு அடி பின்னால் போனாள். கழுதை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாயி, நீ செஞ்சது விமானம் இல்ல, அன்னப்பட்சி. படம் எழுதுறவன் ராஜா மனசு குளிரத்தான எழுதுவான்," என்றது.

அது முன்னால் மனுஷனாம். வண்டிக்காரன், பேர் மாசானம். அடிவாரத்தில் போன அவன் மாட்டு வண்டியின் சக்கரச் சத்தமும் கரிமுட்டனுக்குப் பிடிக்காமல் போய், அதையும் மறைத்துவிட்டானாம். மாசானமும் காகிதத்தில் வண்டி செய்து பார்த்தான். சலித்துப்போய் ஒருநாள் 'போதும்' என்று சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் காது நீண்டுவிட்டது.

வடிவு இறங்கி வந்து, பெருந்தும்பி நின்ற மைதானத்துக்குப் போனாள். சக்கரம் பதிந்த பள்ளம் இருந்தது. விசிறிக்குக் கீழே எண்ணெய் சொட்டிய கறை இருந்தது. இறக்கை மறைத்த இடத்தில் வெயில் படாமல் புல் வெளுத்துக் கிடந்தது. அத்தனையையும் முழம் போட்டு அளந்தாள். முழத்துக்கு ஒரு விரல். அளவுக் காகிதம் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அச்சு வைத்துக்கொண்டாள். ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு சொட்டுப் பசை வெளியே தெரியாமல், இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி செய்தாள். செய்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தபோது அவளுக்கே திருஷ்டி கழிக்கத் தோன்றியது.

மலை உச்சியில் நிழல் வளர்ந்தது. எருமை அளவு வளர்ந்தது. அப்புறம் மெல்ல மெல்லச் சுருங்கிப் பழையபடி ஆகிவிட்டது. கரிமுட்டன் கொட்டாவி விட்டான். கழுதை தின்றது.

வடிவு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. கரிமுட்டன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "என்ன தப்பு, மாசானண்ணே?" என்றாள்.

"காகிதம் ருசி, பசை அதைவிட ருசி. ஆனா தாயி, இது புதுசு. எத்தன தடவ நான் வண்டியில மூட்டை கொண்டுபோய் அதுல ஏத்தியிருக்கேன். இந்தப் புதுச நான் பாத்ததே இல்ல."

அவள் இறங்கி வந்த அன்றைக்குச் சந்தை. வடிவு நேராகச் சந்தை நடுவில் போய் நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். காது சிவந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "பெருந்தும்பில என்னென்ன கெட்டுப்போயிருந்துச்சு?" என்று கேட்டாள்.

அது எத்தனை முழம் என்று கேட்டிருந்தால் ஒருத்தரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். குறை என்ன என்று கேட்டதும் சந்தையே பேசியது. ஆட்டுக்காரி முந்திக்கொண்டாள்: அவள் கிடா முட்டியதில் வயிற்றுத் தகரம் கிழிந்து, பானை மூடியை வைத்து அடைத்தார்களாம். அது கிடா முட்டியதில்லை, இவள் முட்டியது என்றான் மூட்டை தூக்குகிறவன். வலது இறக்கை நுனி பனைமரத்தில் இடித்து மடங்கியது என்று ஒருத்தர், பனைமரம்தான் வந்து இடித்தது என்று உலகன் சாதித்ததாக இன்னொருத்தர். கதவுக்குப் பக்கத்து ஜன்னல் மூடாது, பழைய வேட்டியைச் சுருட்டித் திணித்திருப்பார்கள், அதுவும் துவைக்காத வேட்டி என்று ஒரு கல்யாணப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். திட்டினார்கள், சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். உள்ளே போனவர்கள் எல்லாருக்கும் வேண்டியவர்கள்தானே.

வடிவு அச்சை எடுத்து முன்போலவே அழகாகச் செய்து முடித்தாள். பிறகு கத்தியை எடுத்தாள். அங்கேதான் கஷ்டம். செய்த கைக்குக் கெடுக்க மனசு வரவில்லை. இறக்கை நுனியைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டே மடக்கினாள். வயிற்றைக் கிழித்து ஒட்டுப் போட்டாள். வேட்டி நூலைச் சுருட்டி ஜன்னலில் திணித்தாள். ஒவ்வொரு காயமும் படப்பட அந்தக் காகிதம் பெருந்தும்பியாக ஆகிக்கொண்டே வந்தது. கடைசியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு சோறு கேட்டது.

அச்சுக் காகிதங்களைக் கட்டிக் கூடைக்குள் அடியில் வைத்தாள். வழியில் ஏதாவது ஆனால் மறுபடி வெட்ட வேண்டுமே. ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள்.

அவள் மறுபடி வருவாள் என்று தெரிந்துதான் கரிமுட்டன் கழுதையைப் பட்டினி போட்டிருந்தான். விமானத்தை வெயிலில் வைத்ததும் நிழல் வளர்ந்தது. எருமை அளவைத் தாண்டியது, வீடு அளவைத் தாண்டியது. கரிமுட்டன் மெதுவாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

கழுதை தள்ளாடி வந்தது. அதன் கண்ணில் தண்ணீர். "தாயி, என்னத் தள்ளி நிக்கச் சொல்லு. எனக்குப் பசி கண்ண மறைக்குது. என்னால நிக்க முடியல."

வடிவு கூடைக்குள் கையை விட்டாள். இருந்தது அச்சுக் கட்டு மட்டும்தான். அது போய், வெயிலில் இருக்கிற விமானமும் தவறினால், மறுபடி கந்தல் துணியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். புல்லும் இதற்குள் பச்சையாகியிருக்கும், அளக்க இடம் இருக்காது.

"சாப்பிடுங்கண்ணே," என்று நீட்டினாள்.

இறக்கையின் அச்சு போனது. வயிற்றின் அச்சு போனது. வாலின் அச்சு போனது. நிழல் மலையுச்சி முழுக்கப் படர்ந்து, கறுப்பு வெளுத்துத் தகர நிறமாகி, மெல்ல எழும்பியது. அச்சு தீர்ந்தும் பசி தீரவில்லை. கழுதை எட்டி, காகித வாலின் ஓரத்தில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டது.

அந்த நொடியில் மாற்றுப் பலித்து, கரிமுட்டன் மந்திரம் எல்லாம் அறுந்தது. கடித்த வாயோடு நின்றது கழுதை இல்லை, மாசானம். வாயில் காகிதத்தைத் துப்பவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல் முழித்தான். எதிரில் நிஜப் பெருந்தும்பி தடதடவென்று விசிறி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரிமுட்டன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தலையணையைப் பல்லால் கவ்வியபடி மறுபக்கம் இறங்கி ஓடினான். அதற்கப்புறம் அவன் எந்த நாட்டில் தூங்குகிறான் என்று யாருக்கும் தெரியாது.

கதவு திறந்தது. சனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் ஆனதாக அவர்களுக்கு நினைப்பு. உலகன் வெளியே குதித்து, வடிவைப் பார்த்தான், அவள் முதுகில் இருந்த பிள்ளையைப் பார்த்தான், அதற்குள் எப்படிப் பல் முளைத்தது என்று திகைத்தான். பிறகு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாலடியில் நின்றுவிட்டான். வாலின் ஓரத்தில் பெரிய பெரிய பல் தடமாக, தகரமே கடிபட்டிருந்தது.

"வடிவு, இது எப்போ ஆச்சு?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். வடிவு அத்தனை பேருக்கும் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"அது இருக்கட்டும்ங்க. பறக்கும், நான் செஞ்சது. ஏறுங்க, ஊர்ல உப்பு இல்ல."

பறந்தது. அந்தப் பக்கம் போய் உப்பு ஏற்றி வந்தது. அன்று சாயங்காலமே ஊரில் அத்தனை அடுப்பிலும் கஞ்சிக்கு உப்பு விழுந்தது. கடித்த வாலோடு அது அப்புறமும் ரொம்ப காலம் பறந்தது. கேட்ட நீங்களும் உப்புப் போட்ட சோறு சாப்பிட்டுச் சுகமாக இருங்கள்.