இரண்டு கையாலும் ஏந்தும் பட்டை

அந்தக் காலத்தில் பனையும் பேசும், அணிலும் பேசும். மனிதர்கள் நின்று கேட்பார்கள். மேலூருக்கும் கீழூருக்கும் நடுவே, ஒரு பனையடியில் சுடலி கள்ளுக்கடை வைத்திருந்தாள். இரண்டு ஊராரும் சேர்ந்து உட்காரும் இடம் அது ஒன்றுதான். தொலைந்த ஆட்டை விசாரிப்பதும் பெண் கேட்பதும் அங்கேதான் நடக்கும்.

அப்போது கள்ளைச் சிரட்டையில் குடித்தார்கள். சிரட்டைக்கு ஒரு கை போதும். மற்றக் கை கம்பைத் தேடும். அந்த மாதத்தில் மட்டும் மூன்று பேருக்கு மண்டை உடைந்தது.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள்.

“இன்னொரு மண்டை உடைந்தால் கடையைப் பிரித்துவிடுவோம், சுடலி.”

அவர்கள் போனதும் அவள் பனையில் சாய்ந்து அழுதாள்.

“அழாதே, தாயி,” என்றது பனை. “தினமும் முதல் சிரட்டைக் கள்ளை என் காலடியில் ஊற்றுகிறாய். என்னிடம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். எனக்கென்று ஊற்றியவள் நீ ஒருத்திதான். என் பச்சை ஓலையை எடுத்துக்கொள். இனி அதில் கொடு.”

“பச்சை ஓலையா? வலிக்குமே!”

“வலிக்கும். எடுத்துக்கொள்.”

பனையில் குடியிருந்த அணில் பகலெல்லாம் கடித்து, ஓலைகளைக் கீழே தள்ளியது. சுடலி அவற்றை மடித்து, நுனியைக் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கும் பட்டை செய்தாள். சிரட்டைகள் எல்லாம் அடுப்புக்குள் போயின.

மறுநாள் மேலூர்க் கொம்பையாவும் கீழூர் இருளப்பனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“இந்த ஓலை உம்ம ஆடு தின்ன மிச்சமா வே?” என்றான் கொம்பையா.

“உம்ம மாமனார் போட்ட சீரைவிட இது பெரிசுதான்வே!”

கொம்பையா ஒரு கையை விட்டுக் கம்பை எட்டினான். பட்டை விரிந்தது. கள் முழுவதும் அவன் மடியில் கொட்டியது.

“மண்டையை உடைக்கப் போயி வேட்டிய நனைச்சிட்டீரே!” என்று மேலிருந்து அணில் கத்தியது.

கடையே சிரித்தது. கொம்பையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டையை மறுபடி இரண்டு கையாலும் ஏந்தினான். ஊற்றிக்கொள்ளக் கை இல்லை. சுடலியோ கடைக்கோடியில் இருந்தாள்.

இருளப்பன் தன் பட்டையைக் குடித்து முடித்தான். அதைக் கீழே வைத்தான். பிறகு நடுவில் இருந்த கள்ளுக் கலயத்தைத் தூக்கினான்.

“ஆட்டாமப் பிடியும்வே.”

அன்று மாலை யார் மண்டையும் உடையவில்லை. கடையைப் பிரிக்க யாரும் வரவில்லை.

பட்டையை இரண்டு கையாலும் ஏந்துவதும், பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவதும், குடிப்பவர் தலை குனிந்து பனையையும் ஊற்றியவரையும் கும்பிடுவதுபோல் குடிப்பதும் அந்த நாளிலிருந்து வந்த வழக்கம்தான்.